தும்பைப் பூவுக்கு வெள்ளை வண்ணம் ஏது?

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம் ஒரகடம். அங்கே சிறிது நேரம் நின்று பாருங்கள். புதிய கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிய நீளமான லாரிகள், ஷிப்டு முடிந்தவர்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்கள், சிப்காட் வளாகங்களின் நீண்ட மதில்கள் ஆகியவையே கண்ணில் படும். இந்த இடத்தில் பூக்களைத் தேடி யாராவது வருவார்களா?

நாங்கள் வந்தோம். பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் முகாம் ஒன்றிற்காக ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேரை அழைத்துக்கொண்டு அப்பகுதிக்குச் சென்றிருந்தேன். மதிலுக்கும் மழைநீர்க் கால்வாய்க்கும் நடுவே நாலு முழ அகலத்தில் ஒரு மண்பட்டை. மழைக்காலம் முடிந்து ஈரம் இன்னும் முழுதாகக் காயவில்லை. அந்த நாலு முழத்தில் தும்பை இருந்தது, ஆவாரை இருந்தது, நெருஞ்சி தரையோடு தரையாகப் படர்ந்து மஞ்சள் பூ விட்டிருந்தது. ஓரிடத்தில் புல்லுக்கு நடுவே சட்டைப் பொத்தான் அளவில் நீல விஷ்ணுகிராந்திப் பூக்கள். ஆளுக்கு ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து அதைப் பார்த்து வரைய வேண்டும் என்பது அன்றைய வேலை.

தும்பையைத் தேர்ந்தெடுத்த மாணவி ஒருத்தி கால் மணி நேரத்தில் என்னிடம் வந்து நின்றாள். "சார், தாளும் வெள்ளை, பூவும் வெள்ளை. எந்தக் கலரை எடுக்கிறது?"

வேடிக்கையான கேள்வி என்று நீங்கள் நினைக்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பேருந்தில் திரும்பி வரும்போது அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்குள் ஒளியியல் பாடம் ஒன்று முழுதாக ஒளிந்திருக்கிறது. அதுமட்டுமல்ல, இருநூறு ஆண்டுகளுக்கு முன் இதே சென்னைச் சமவெளியில் ஒரு வீட்டில் அமர்ந்து படம் தீட்டிய ஒரு பெண்மணியின் கதையும் இருக்கிறது. முதலில் ஒளியியலைப் பார்த்துவிடுவோம்.

வெள்ளை எங்கே இருக்கிறது?

ஆவாரம்பூவின் மஞ்சளுக்கும் விஷ்ணுகிராந்தியின் நீலத்துக்கும் காரணம் அவற்றின் செல்களில் உள்ள நிறமிகள். அப்படியானால் தும்பைப் பூவில் ஒரு வெள்ளை நிறமி இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. தும்பை, மல்லிகை, நந்தியாவட்டை ஆகிய எதிலும் வெள்ளை நிறமி என்று ஒன்று கிடையாது. அவற்றின் இதழ்களில் இருப்பவை நிறமற்ற செல்களும், செல்களுக்கு இடையே அகப்பட்டுக்கொண்ட காற்றும்தாம்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நந்தியாவட்டை இதழ் ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நன்றாக அழுத்தித் தேயுங்கள். தேய்த்த இடம் வெண்மையை இழந்து, எண்ணெய் பட்ட காகிதம்போல் ஊடுருவித் தெரியும். நீங்கள் எந்த நிறமியையும் வெளியேற்றவில்லை. இடைவெளிகளில் இருந்த காற்றை விரட்டிவிட்டு, அங்கே செல்சாற்றைப் புகுத்தினீர்கள். அவ்வளவுதான்.

இப்போது கொஞ்சம் கணக்கு. ஒரு ஊடகத்திலிருந்து மற்றொன்றுக்குள் ஒளி செங்குத்தாக நுழையும்போது எல்லையில் ஒரு சிறு பகுதி திரும்பிவிடுகிறது. இரண்டு ஒளிவிலகல் எண்களின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, வரும் விடையை வர்க்கப்படுத்தினால் திரும்பும் பங்கு கிடைக்கும். செல்லின் ஒளிவிலகல் எண்ணை 1.40 என்றும் காற்றினுடையதை 1.00 என்றும் கொள்வோம். 0.40-ஐ 2.40-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் ஏறத்தாழ 0.028, அதாவது 2.8 சதவீதம். ஓர் எல்லையில் இது சிறிய அளவுதான். ஆனால் இதழுக்குள் செல், காற்று, செல், காற்று என்று எல்லைகள் அடுத்தடுத்து வருகின்றனவே! இருபது எல்லைகளைக் கடந்தபின் சிதறாமல் நேரே செல்லும் ஒளி சுமார் 57 சதவீதமாகக் குறைந்துவிடும். மீதியெல்லாம் அங்குமிங்கும் திரும்புகிறது. அதில் பெரும்பகுதி வந்த வழியே நம் கண்ணுக்கு வருகிறது.

காற்றின் இடத்தில் நீர் புகுந்தால்? நீரின் ஒளிவிலகல் எண் 1.33. வேறுபாடு 0.07 மட்டுமே. திரும்பும் பங்கு 0.07 சதவீதத்துக்கும் குறைவு, அதாவது முன்னதில் நாற்பதில் ஒரு பங்குதான். இருபது எல்லைகளைக் கடந்தாலும் கிட்டத்தட்ட 99 சதவீத ஒளி நேரே போய்விடுகிறது. ஆகவே இதழ் ஊடுருவித் தெரிகிறது. உண்மையான இதழில் ஒளி சாய்வாகவும் விழும், பல முறை முட்டி மோதும். கணக்கு இவ்வளவு எளிதல்ல. ஆயினும் நடப்பது இன்னது என்று விளங்கிக்கொள்ள இது போதும்.

ஏன் வெண்மை? வானத்தைப்போல் நீலமாக ஏன் இல்லை? வானத்தில் ஒளியைச் சிதறடிப்பவை அலைநீளத்தைவிட மிகமிகச் சிறிய காற்று மூலக்கூறுகள். அவை நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கும். இதழிலுள்ள செல்களும் காற்று இடைவெளிகளும் ஒளியின் அலைநீளத்தைவிடப் பலமடங்கு பெரியவை. எல்லா நிறங்களையும் அவை ஏறக்குறைய சமமாகத் திருப்பி அனுப்புகின்றன. சோப்பு நுரையும் பொடித்த கண்ணாடியும் சமையலறை உப்பும் வெளுத்துத் தெரிவது இதே காரணத்தால்தான்.

இனி அந்த மாணவியின் வரைதாளை எடுத்துக்கொள்ளுங்கள். காகிதம் என்பது என்ன? நிறமற்ற செல்லுலோஸ் இழைகள், அவற்றின் நடுவே காற்று. ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் காகிதம் ஊடுருவித் தெரிவதும், நந்தியாவட்டை இதழை நசுக்கினால் ஊடுருவித் தெரிவதும் ஒரே நிகழ்ச்சி! தும்பைப் பூவின் வெண்மையும் தாளின் வெண்மையும் ஒரே விதமாகப் பிறந்தவை.

இன்னும் ஒரு படி மேலே செல்லலாம். விஷ்ணுகிராந்தியின் இதழிலும் அடியில் இதே காற்றும் செல்களுமான வெள்ளைப் படலம் உண்டு. அதற்கு மேலே நிறமி கொண்ட செல்கள். சூரிய ஒளி மேலிருந்து நிறமியைக் கடந்து உள்ளே சென்று, வெள்ளைப் படலத்தில் சிதறித் திரும்பி, மறுபடி நிறமியைக் கடந்து வெளியே வருகிறது. போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை என்று இருமுறை வடிகட்டப்படுகிறது. நீர்வண்ண ஓவியத்தில் நடப்பதும் இதுவேதான். வெள்ளைத் தாளின்மேல் மெல்லிய, ஒளி ஊடுருவும் வண்ணப் படலம். ஒளி அதைக் கடந்து தாளில் பட்டுத் திரும்புகிறது. எண்ணெய் வண்ணத்தில் பூ வரைந்தால் அது கனத்துத் தெரிவதையும், நீர்வண்ணத்தில் வரைந்தால் உயிரோடு இருப்பதையும் நீங்கள் கவனித்திருக்கலாம். பூவின் இதழே இயற்கை தீட்டிய ஒரு நீர்வண்ணப் படம்தான்.

சென்னையில் ஒரு வீடு

இந்த ஒளியியலெல்லாம் தெரியாமலேயே, கண்ணையும் கையையும் நம்பி இதே வேலையைச் செய்தவர் எலிசபெத் குவில்லிம். இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டு நகரத்தில் 1763-இல் பிறந்தவர். அவருடைய கணவர் ஹென்றி குவில்லிம், சென்னையில் 1801-இல் அமைந்த உச்சநீதிமன்றத்தில் நீதிபதியாக நியமிக்கப்பட்டார். அவருடன் எலிசபெத்தும், தங்கை மேரி சைமண்ட்ஸும் கப்பலேறிச் சென்னைக்கு வந்தனர்.

அன்றைய ஆங்கில அதிகாரிகளின் வீட்டுப் பெண்கள் விருந்துகளிலும் விசிறியின் நிழலிலும் பொழுதைக் கழித்தார்கள் என்றே பலர் எழுதியிருக்கிறார்கள். இந்த வீடு அப்படி இல்லை. பறவை பிடிப்போர் உயிருள்ள பறவைகளை இங்கே கொண்டுவருவார்கள். எலிசபெத் பறவைகளை வரைந்தார், மேரி மீன்களை வரைந்தார். இருவரும் இங்கிலாந்திலிருந்த தாய்க்கும் சகோதரிக்கும் நீண்ட கடிதங்கள் எழுதினார்கள். கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போன காலம் அது. ஒரு கடிதம் போய்ச் சேரவே மாதக்கணக்கில் ஆகும். சந்தையில் என்ன விற்கிறது, தோட்டத்தில் எது பூத்தது, வெயில் எப்படி என்று எல்லாம் எழுதினார்கள். அக்கடிதங்கள் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. எலிசபெத் தெலுங்கும் கற்றார். ஊர் மொழி தெரியாமல் ஊர்ச் செடிகளை எப்படித் தெரிந்துகொள்வது?

செடிகள் அவருக்கு உயிர். விதைகளைச் சேகரித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். தாவரவியலில் அவருக்குத் துணையாக இருந்தவர் தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்கு வந்த ரோட்லர் பாதிரியார். தமிழ் மாணவர்கள் மறக்கக்கூடாத பெயர் இது. தமிழ்–ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுத்தவர் இவரே. அது 1834 முதல் பகுதி பகுதியாக அச்சாயிற்று. மதபோதகர், அகராதி ஆசிரியர், தாவர ஆய்வாளர் என்று மூன்று வேலைகளை ஒரே மனிதர் செய்திருக்கிறார்! மக்னோலியா குடும்பத்தைச் சேர்ந்த வெண்ணிறப் பூச்செடி ஒன்றுக்கு எலிசபெத்தின் நினைவாகக் 'குவில்லிமியா' என்று அவர் பெயரிட்டார். நம் செண்பகத்துக்கு நெருங்கிய உறவு அந்தச் செடி. மக்னோலியா பேரினத்தின் ஒரு பிரிவுக்கு இன்றும் அப்பெயர் வழங்குகிறது.

எலிசபெத் ஆறே ஆண்டுகள்தாம் இங்கு வாழ்ந்தார். 1807 டிசம்பரில் சென்னையிலேயே இறந்தார். புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள புனித மேரி ஆலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய ஓவியங்கள் நூறாண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் கிடந்தன. கேசி வுட் என்ற கண் மருத்துவர் 1924-இல் லண்டனில் அவற்றைக் கண்டெடுத்தார். பறவைகளின் கண்களின் உட்புறத்தைப் பற்றியே ஒரு பெரிய நூல் எழுதியவர் அவர். பறவைப் படங்களின் அருமையை உணர அவரைவிடப் பொருத்தமான ஆள் யார்? இன்று அவை கனடாவில், மான்ட்ரியல் நகர மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. பறவைப் படங்கள் மட்டும் 121. மீன்களும் தாவரங்களும் தனி. பல படங்களில் பறவை அதன் இயல்பான அளவிலேயே தீட்டப்பட்டிருக்கிறது. அமெரிக்கப் பறவைகளை இப்படிப் பெரிதாகத் தீட்டிப் புகழ்பெற்ற ஆடுபான் தம் நூலை வெளியிடத் தொடங்கியது 1827-இல்தான்.

வண்ணப் பெட்டியில் இல்லாத நிறம்

இப்போது நம் மாணவியின் கேள்விக்குத் திரும்புவோம். எலிசபெத்தின் காலத்தில் நீர்வண்ணங்கள் சிறு கட்டிகளாக விற்கப்பட்டன. நீலத்துக்கு அவுரியிலிருந்து எடுத்த இண்டிகோ, ஜெர்மனியில் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்ட பிரஷ்ய நீலம். மஞ்சளுக்கு கம்போஜ் என்னும் மரப்பிசின். இரண்டையும் கலந்தால் இலைப்பச்சை. ஆனால் வெள்ளை? ஈய வெள்ளை இருந்தது. எண்ணெய் ஓவியத்தில் அது நிலைக்கும், நீர்வண்ணத்தில் மாட்டிக்கொள்ளும். காற்றில் சிறிதளவு ஹைட்ரஜன் சல்பைடு இருந்தாலும் ஈயம் அதனுடன் சேர்ந்து கருப்பு ஈய சல்பைடாகிவிடும். வெள்ளைக் கொக்கு நாளடைவில் காக்கையாகிவிடும் என்றுகூடச் சொல்லலாம்! துத்தநாக ஆக்சைடால் செய்த நம்பகமான வெள்ளை நீர்வண்ணம் 1834-இல்தான் விற்பனைக்கு வந்தது.

ஆகவே அக்கால நீர்வண்ண ஓவியர்கள் வெண்மைக்குத் தாளையே நம்பினார்கள். வெள்ளை இருக்க வேண்டிய இடத்தை முன்கூட்டியே தீர்மானித்து, அங்கே தூரிகை படாமல் காத்துக்கொண்டார்கள். எண்ணெய் ஓவியர் கடைசியில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்துத் தப்பித்துக்கொள்ளலாம். நீர்வண்ணக்காரருக்கு அந்த வசதி கிடையாது. முதல் தீற்றலுக்கு முன்பே முழுப் படமும் மனத்தில் இருக்க வேண்டும்.

வெளிச்சத்திலும் ஒரு சிக்கல். ஐரோப்பிய ஓவியர்கள் வடக்குப் பார்த்த ஜன்னலருகே அமர்ந்து வரைவது வழக்கம். அங்கே சூரியன் நண்பகலில் எப்போதும் தெற்கே இருப்பதால், வடக்கு ஜன்னல் வழியே நேர்வெயில் வராது. வெளிச்சம் நாள் முழுதும் ஒரே சீராக இருக்கும். சென்னையோ 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் இறுதிவாக்கில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேரே வந்து, பிறகு வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் நடுவில்தான் மீண்டும் தெற்கே திரும்புகிறது. கோடைக்காலம் முழுவதும் நண்பகல் வெயில் வடக்கு ஜன்னல் பக்கமிருந்துதான்! இங்கிலாந்தில் பழகிய எந்த ஓவியரும் இங்கே வந்தால் பாயை மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். நீங்கள் மே மாதம் ஒரு குச்சியை நட்டு, நண்பகலில் அதன் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று குறித்துப் பாருங்கள்.

வாடுவதற்குள்

காட்டுப் பூவை வரைபவருக்குப் பெரிய எதிரி நேரம். விஷ்ணுகிராந்தி காலையில் விரிந்து பிற்பகலில் கூம்பிவிடும். பறித்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம். எங்கள் முகாமில் பறித்து வந்து நிழலில் உட்கார்ந்து வரைந்தவர்களின் பூக்கள் அரை மணியில் துவண்டன. செடியருகே குந்தி உட்கார்ந்து வரைந்தவர்கள் தப்பித்தார்கள்.

ஏன் துவள்கிறது? இதழுக்கு எலும்பும் இல்லை, மரக்கட்டையும் இல்லை. அதை நிமிர்த்தி வைத்திருப்பது நீரின் அழுத்தம். செல்லுக்குள் சவ்வூடு பரவல் மூலம் நீர் புகுந்து சுவரை உள்ளிருந்து தள்ளுகிறது. இதற்கு விறைப்பழுத்தம் என்று பெயர். ஒரகடத்துச் சாலையில் ஓடும் காரின் டயரில் சுமார் இரண்டேகால் வளிமண்டல அழுத்தத்துக்குக் காற்று அடைக்கிறோம். தாவரச் செல்களில் விறைப்பழுத்தம் அதையும் தாண்டுவது சாதாரணம். தொட்டால் கசங்கும் ஓர் இலைக்குள் டயரைவிட அதிக அழுத்தம்! காம்பை வெட்டியதும் நீர் வரத்து நின்றுவிடுகிறது. நீராவிப்போக்கு மட்டும் நிற்பதில்லை. டயரில் காற்று இறங்குவதுபோல் செல்கள் தளர்கின்றன. அறை வெப்பமும் வறட்சியும் அதிகமாக இருந்தால் இது இன்னும் விரைவு. காம்பை நீருக்குள் வைத்து வெட்டினால், நீர்க்குழாய்களில் காற்று புகாமல் பூ கொஞ்சம் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும். வீட்டில் பூ வரைய விரும்புபவர்கள் இதைக் கையாளலாம்.

தாவரவியலார் இந்தப் பிரச்சினையை வேறு வழியில் தீர்த்தார்கள். செடியைக் காகிதங்களுக்கு இடையே வைத்து அழுத்தி உலர்த்திவிடுவது. ரோட்லர் இப்படி ஆயிரக்கணக்கான செடிகளைச் சேர்த்தார். அவருடைய தொகுப்பு இறுதியில் லண்டன் கியூ தோட்டத்தைச் சேர்ந்தது. இலையின் நரம்பு, காய், விதை ஆகிய எல்லாம் இருநூறு ஆண்டுக்குப் பிறகும் அப்படியே இருக்கும். ஆனால் நிறம்? பெரும்பாலும் போய்விடும்.

காரணத்தை உங்கள் வீட்டுச் சங்குப்பூவே சொல்லும். நீலச் சங்குப்பூ நாலைந்தைச் சுடுநீரில் போடுங்கள், நீலச்சாறு கிடைக்கும். அதில் எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டால் ஊதாவாகவும் இளஞ்சிவப்பாகவும் மாறும். சமையல் சோடா சேர்த்தால் பச்சைப் பக்கம் திரும்பும். இந்த நீலத்துக்குக் காரணமான ஆந்தோசயனின் நிறமிகள் செல்லின் நடுவே வாக்குவோல் என்னும் சாற்றுப்பையில் கரைந்திருக்கின்றன. அங்குள்ள அமிலத்தன்மையைப் பொறுத்து அவற்றின் நிறம் அமைகிறது. பூ உலரும்போது அந்தப் பை உடைந்து, உள்ளே இருந்தவை வெளியே இருந்தவற்றோடு கலக்கின்றன, நிறமி சிதைகிறது. உருவத்தை உலர்செடி காப்பாற்றும். நிறத்தை ஓவியம்தான் காப்பாற்ற வேண்டும். ரோட்லரின் காகிதக் கட்டும் எலிசபெத்தின் தூரிகையும் ஒன்றுக்கொன்று தேவைப்பட்டன.

வரைவதில் இன்னொரு லாபமும் உண்டு. புகைப்படம் எடுக்கிறவர் பூவை ஒரு நொடி பார்க்கிறார். வரைகிறவர் அரை மணி பார்க்கிறார். முகாமில் ஆவாரம்பூ வரைந்த மாணவன் ஒருவன், மகரந்தப்பைகளின் நுனியில் ஊசிமுனை போன்ற துளை இருப்பதைக் கண்டு அதையும் வரைந்திருந்தான். மற்றப் பல பூக்களில் மகரந்தப்பை பக்கவாட்டில் வெடித்துத் திறக்கும். இதில் நுனித்துளை மட்டுமே. மகரந்தம் எப்படி வெளியே வரும்? தச்சன் தேனீ என்று சொல்லப்படும் கருத்த பெரிய வண்டு ஆவாரம்பூவைப் பற்றிக்கொண்டு, சிறகை அசைக்காமல் மார்புத் தசைகளை மட்டும் நொடிக்குச் சில நூறு முறை அதிரச் செய்கிறது. உப்புச் சாடியைக் குலுக்கினாற்போல் மகரந்தம் கொட்டுகிறது. கண்டங்கத்திரிப் பூவிலும் இதே அமைப்புதான். உங்கள் பள்ளி ஆய்வகத்தில் இசைக்கவை இருக்குமே? அதைத் தட்டி, அதிரும் நிலையில் புதிதாக மலர்ந்த கண்டங்கத்திரிப் பூவின் மகரந்தப்பைகளில் மெதுவாகத் தொட்டு, கீழே கருப்புத் தாளை வைத்துப் பாருங்கள். முள் பத்திரம்.

ஓவியருக்கு எட்டாத நிறமும் ஒன்று உண்டு. நம் கண்கள் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளியைக் காண்கின்றன. தேனீக்கோ சுமார் 300 முதல் 650 வரை. சிவப்பின் ஒரு பகுதியை இழந்து, புற ஊதாவைப் பெற்றிருக்கிறது. நமக்கு ஒரே மஞ்சளாகத் தெரியும் பல பூக்களின் நடுவில் தேனீக்குக் கரும் வட்டம் தெரிகிறது. எத்தனை தேர்ந்த ஓவியரும் மனிதனுக்குத் தெரியும் பூவையே வரைய முடியும்.

அவர் பார்க்காத செடிகள்

அன்று மாணவர்கள் வரைந்த தாள்களை மேசையில் பரப்பி வைத்து ஒரு விளையாட்டு ஆடினேன். 1801-க்கும் 1807-க்கும் இடையே இந்தச் சமவெளியில் நடந்த ஒருவர் இவற்றில் எதையெல்லாம் பார்த்திருக்க முடியாது? மூன்று தாள்களை உடனே எடுத்து வைக்கலாம். ஏரிக்கரையில் ஒருவன் வரைந்த சீமைக்கருவேலம் 1870-களில்தான் இந்தியாவுக்கு வந்தது. தண்ணீரில் மிதந்த ஆகாயத்தாமரை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. வெள்ளைத் தலையோடு கால்வாயோரம் முழுதும் நின்ற பார்த்தீனியம் 1950-களுக்குப் பிறகு பரவியது. மூன்றும் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. இன்று ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் படுபவையும் இவைதாம். பழைய படம் ஒன்றில் தேதியும் இடமும் இருந்தால், என்ன வந்தது, என்ன போனது என்று அது நமக்குச் சாட்சி சொல்கிறது. எலிசபெத்தின் படங்களிலுள்ள பறவைகளை இன்றைய ஆய்வாளர்கள் இனம்வாரியாக அடையாளம் காண முடிகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் சென்னையைச் சுற்றி எவை பறந்தன என்பதற்கு அவை ஆவணம்.

இங்கே ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. எலிசபெத்துக்குச் சில பத்தாண்டுகள் பின்னால், இராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவருக்காகத் தென்னிந்தியச் செடிகளை வரைந்தவர்கள் இரண்டு இந்திய ஓவியர்கள். முதலில் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. வைட் 1838 முதல் 1853 வரை சென்னையில் வெளியிட்ட பெருநூல் ஒன்றில் மட்டும் 2,101 படங்கள். அவற்றுள் ஏராளமானவற்றுக்கு மூலம் இவர்கள் கைவரிசை. கோவிந்துவின் பெயரால் ஓர் ஆர்க்கிட் இனத்துக்குக் 'கோவிந்தூயியா' என்று வைட் பெயரிட்டார். பின்னால் அது வேறோர் இனத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டது. நீதிபதியின் மனைவி எழுதிய கடிதங்களைக் கட்டுக்கட்டாகப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ரங்கையாவின் வீட்டில் ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது, அவர் பிள்ளைகள் அருகில் நின்று வேடிக்கை பார்த்தார்களா என்று எழுதி வைப்பார் யாருமில்லை. படங்களின் அடியிலுள்ள பெயர் மட்டும் மிச்சம். என்னைக் கேட்டால், அந்தக் கோடுகளில் எலிசபெத்தின் பறவைகளுக்குச் சற்றும் குறையாத உயிர் இருக்கிறது.

அடுத்த ஆண்டு தை மாதம் வேறு மாணவர்களுடன் அதே இடத்துக்குப் போனேன். மதிலோரத்து மண்பட்டையில் பாதிக்குமேல் சரளை கொட்டிக் கெட்டிப்படுத்தி, லாரிகள் நிறுத்துமிடமாகியிருந்தது. விஷ்ணுகிராந்தி இருந்த இடம் அதற்குள் போய்விட்டது. எஞ்சியிருந்த பக்கத்தில் ஆவாரையும் நெருஞ்சியும் பூத்திருந்தன; தும்பை நாலைந்து செடி தப்பியிருந்தது. முந்தைய ஆண்டின் தாள்களைக் கோப்பில் வைத்திருந்தேன். அவற்றை எடுத்து வந்து, எது எங்கே இருந்தது என்று புதிய பிள்ளைகளுக்குக் காட்டினேன். விஷ்ணுகிராந்தி வரைந்தவன் பூவின் குறுக்களவை மில்லிமீட்டரில் அளந்து ஓரத்தில் எழுதியிருந்தான். நீலம் சற்று அடர்த்தியாகிவிட்டிருந்தது. மற்றபடி பூ சரியாகவே இருந்தது.

தும்பை வரைந்த மாணவியின் தாளும் அதில் இருந்தது. என் விளக்கத்துக்குக் காத்திராமல் அவளே வழி கண்டுபிடித்திருந்தாள். பூவைச் சுற்றிலும் இலைகளின் பச்சையையும் மண்ணின் செந்நிறத்தையும் தீட்டி, இதழ்கள் வர வேண்டிய இடத்தில் மட்டும் தூரிகை படாமல் தாளை விட்டிருந்தாள். கீழ்மூலையில் பென்சிலால் இடம், தேதி, நேரம்: ஒரகடம், காலை 10.20.